வார்ப்பும் தகடும்: சென்னை உலோகச் சிற்பத்தின் மரபுத் தேர்வு

1. ஆய்வுக்குரிய வினா

தமிழகத்து உலோகச் சிற்பம் என்ற அளவில் அறிஞர் உள்ளத்தில் எழுவது சோழர் காலத்துச் செப்புத் திருமேனியே. அதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனந்த குமாரசுவாமி ஆடவல்லானின் கூத்தைப் பற்றி 1912இல் சித்தாந்த தீபிகையில் எழுதிய கட்டுரை, 1918இல் நூலாக வெளிவந்தபோது உலகறிந்த ஒன்றாயிற்று. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் சென்னை அருங்காட்சியகத்து ஆடவல்லான் படிமத்தை ஒளிப்படத்தில் மட்டும் கண்டு 1913இல் எழுதியது, 1921இல் அச்சேறியது. 1932இல் கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் அவ்வருங்காட்சியகத்து உலோகப் படிமங்களுக்கு விளக்க அட்டவணை வகுத்தனர். 1963இல் பி. ஆர். சீனிவாசனின் பெருநூல் வெளிவந்தது. இவ்வாறு அரை நூற்றாண்டுக் காலத்துள் சோழர் படிமம் தமிழர் கலையின் உரைகல்லாக நிலைபெற்றது.

உரைகல் ஒன்று நிலைபெற்றால், பின்வருவன எல்லாம் அதில் உரைத்தே பார்க்கப்படும். 1960களில் சென்னைக் கலைஞர் சிலர் செப்புத் தகட்டைக் கொட்டியும் வெட்டியும் கம்பியால் கோத்தும் தீயால் பற்றவைத்தும் உருவங்கள் சமைத்தனர். அவற்றில் சோழர் படிமத்தின் திரட்சி இல்லை. மெழுகில் பிடித்து வார்க்கும் முறையும் இல்லை. ஆதலின் அவை மரபினின்று விலகியவை, மேல்நாட்டுப் போக்கின் எதிரொலி என்ற எண்ணம் எழுதல் எளிது. அவ்வெண்ணம் பொருந்துமா? அவர்கள் மரபை விட்டனரா, அன்றி வேறொரு மரபைத் தேர்ந்தனரா? இதுவே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட வினா. பி. வி. ஜானகிராம் (1930–1995), எஸ். நந்தகோபால் (1946–2017) ஆகிய இருவர் படைப்புகளையும், அவர்களுக்கு முன் நின்றோர் பணிகளையும் சான்றாகக் கொண்டு இதனைக் காண்போம்.

2. இரு தொழில், இரு பெயர்

முதற்கண் சொல்லிலிருந்து தொடங்குதல் தமிழாய்வுக்கு இயல்பு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை வரிசைப்படுத்துகின்றது. அவ்வரிசையில் கஞ்சகாரர் என்றொரு பிரிவினரும், செம்பு செய்குநர் என்று பிறிதொரு பிரிவினரும் அடுத்தடுத்து நிற்கின்றனர். முன்னவர் வெண்கலக் கன்னார், பின்னவர் செம்புகொட்டிகள். பொன் வினைஞரும் இரும்புக் கொல்லரும் அவ்வரிசையிலேயே வேறு வைத்து எண்ணப்படுகின்றனர். உலோகத்தொழில் ஒன்றே எனக் கொண்டு ஒரு சொல்லால் கூறிச் செல்லாமல், பொருளாலும் வினையாலும் அதனைப் பகுத்துக் காணும் வழக்கு இளங்கோவடிகள் காலத்திலேயே இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

செம்புகொட்டி என்னும் பெயர் கருதத்தக்கது. வெண்கலம் உருகி ஓடும். கருவினுள் பாய்ந்து நிறைந்து உருக்கொள்ளும். அடித்தால் வெடிக்கும் இயல்பினது. செம்போ கொட்டக் கொட்ட விரியும். விரியுந்தோறும் இறுகும். இறுகியதை மீண்டும் தீயிலிட்டு இளக்கிய பின்னரே கொட்டுதல் தொடரும். எனவே வார்ப்பவனுக்குத் தீயே முதற்கருவி; கொட்டுபவனுக்குச் சுத்தியலே முதற்கருவி. ஒருவன் உருவத்தின் நிறைவை எண்ணுகின்றான். மற்றவன் உருவத்தின் மேற்பரப்பை எண்ணுகின்றான். இவ்விருவகை எண்ணமும் இருவேறு சிற்ப நெறிகளுக்கு வித்தாயின.

இப்பெயர்களைக் கொண்டு புகார் நகரத்தில் தகட்டுச் சிற்பம் இருந்தது என்று துணிதல் கூடாது. செம்பு செய்குநர் கலம் செய்தோராகவே இருக்கலாம். நமக்கு வேண்டுவது, தொழில் நெறி இரண்டும் தொன்றுதொட்டே வேறாக அறியப்பட்டன என்னும் அளவே.

3. திருக்கோயிலில் தகடு

தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டு ஒன்று இவ்விரண்டாம் நெறியின் பெருமைக்குச் சான்றாகும். முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் தூபியில் வைக்கச் செப்புக்குடம் ஒன்றை அளித்தான். அக்குடத்தின் நிறை 3083 பலம். அதன்மேல் வேய்ந்த பொன் தகட்டின் நிறை 2926½ கழஞ்சு. படிமங்களின் உயரத்தை முழத்திலும் விரலிலும் அளந்து கல்லில் வெட்டிய அதே அரசு, தகட்டின் நிறையையும் கழஞ்சின் பாதியளவு வரை கணக்கிட்டுப் பொறித்தது. வார்ப்பும் தகடும் ஒரே கோயிலில் ஒத்த மதிப்புடன் நின்றன.

விமானத்தின் மேல் நின்ற தகடு, திருமேனியின் மேலும் நின்றது. தெய்வத் திருவுருவுக்கு அணிவிக்கும் கவசம், அங்கி, பின்னால் விளங்கும் திருவாசி, உலா வரும் ஊர்தியைப் போர்த்த வெள்ளித் தகடு, கருவறைக் கதவின் பித்தளை முகப்பு ஆகியன எல்லாம் கொட்டு வேலைகளே. இளக்கிய தகட்டை அரக்குப் படுக்கையின் மேல் பதித்துப் பின்புறமிருந்து உளியால் மெல்ல அடித்து மேடுபடுத்துவர். பின்னர்த் திருப்பி முன்புறத்தில் கோடும் புள்ளியும் செதுக்குவர். தஞ்சாவூர்த் தட்டில், ஈயக்கருவில் அழுத்தி எடுத்த மெல்லிய வெள்ளித் தகட்டின் உட்குழியை அரக்கால் நிரப்பிச் செம்பு அல்லது பித்தளைத் தட்டின்மேல் பதிப்பதும் இந்நெறியின் கிளையே.

ஈண்டு ஓர் உண்மையைக் கருதுதல் வேண்டும். நாம் இன்று சோழர் படிமத்தின் அழகு எனப் போற்றும் தோளின் வளைவும் இடையின் நெளிவும் முதுகின் ஒழுங்கும் கோயிலில் வழிபடுவோர் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படுவன அல்ல. அங்கே உற்சவத் திருமேனி பட்டும் மாலையும் அணியும் கவசமும் பூண்டு நிற்கும். திரை விலகும்போது அடியார் காண்பது, விளக்கொளியில் மின்னும் தகட்டின் முகப்பையே. அணிகளைந்த படிமத்தை நாற்புறமும் சுற்றிக் காணும் காட்சி, அருங்காட்சியகம் பொதுமக்களுக்கு அளித்த புதுக்காட்சி. எனவே, தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகிய உலோக உருவம் எது என வினவின், வார்ப்பினும் தகட்டையே முதலில் கூறுதல் வேண்டும்.

இலக்கியமும் இதற்குத் துணை நிற்கின்றது. கவசம் என்பது சிற்றிலக்கிய வகைக்கும் பெயராயிற்று. தேவராய சுவாமிகளின் கந்தர் சஷ்டி கவசம் தமிழ்நாட்டில் இல்லந்தோறும் ஒலிக்கும் நூல். அவ்வகை நூல்கள் உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் காப்பு வேண்டுகின்றன. செம்புகொட்டியும் முகத்துக்கொரு தகடு, கைக்கொரு தகடு, திருவடிக்கொரு தகடு எனப் பகுத்தே கவசம் அமைக்கின்றான். உருவத்தை உறுப்புகளின் அடுக்காகக் காணும் இம்மனநிலை, பின்னர்க் கூறப்போகும் சென்னைச் சிற்பங்களை விளங்கிக்கொள்ளப் பெரிதும் பயன்படும்.

4. சென்னைக் கலைப்பள்ளி

1850இல் மருத்துவர் அலெக்சாந்தர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, நுண்கலைக்கு முன் கைத்தொழிலையே பெரிதும் வளர்த்தது. 1884இல் பொறுப்பேற்ற ஹேவல் நாட்டுத் தொழில்களுக்கு ஊக்கம் தந்தார். 1898இல் ஆல்பிரெட் சாட்டர்டன் அங்கே அலுமினியத் தகட்டைக் கொண்டு கலங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் முளைத்தது அப்பள்ளிப் பட்டறையிலேதான். தகடு கொட்டும் ஓசை அவ்வளாகத்துக்குப் புதியதன்று என்பதற்காகவே இதனைக் குறித்தோம்.

அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி (1899–1975). இவர் வார்ப்பு நெறியின் பெருங்கலைஞர். ஆனால் அது சோழர் வார்ப்பு அன்று. தசைத்திரட்சியும் உழைப்பின் இறுக்கமும் ஒளிநிழலும் விளங்கும் ஐரோப்பிய இயல்புநெறி அவருடையது. ரோதேனின் சாயல் அதில் தெளிவு. சென்னைக் கடற்கரையில் 1959 சனவரி 25இல் திறக்கப்பெற்ற உழைப்பாளர் சிலை அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நால்வர் பாறையொன்றைப் பெயர்க்க முயலும் அக்காட்சியில் வெண்கலம் தசையாகவே மாறி நிற்கின்றது. அதே கடற்கரையில் நடந்து செல்லும் காந்தியடிகள் சிலையும் அவர் கைவண்ணமே. ஆடவல்லானை ரோதேன் போற்றினார். ரோதேனின் நெறியைச் சென்னையில் ராய் சௌதுரி பரப்பினார். ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே தமிழகத்துச் சிற்பம் தனக்குரிய வழியைக் காணவில்லை.

அவருடைய மாணவர் எஸ். தனபால் (1919–2000) இக்குறையை உணர்ந்தவர். மயிலாப்பூரில் பிறந்து, ஓவியமும் பரதநாட்டியமும் பயின்று சிற்பத்துக்கு வந்த அவர், ஆசிரியர் கற்பித்த தசைநெறியைத் தளர்த்தி, உருவத்தை எளிமையாக்கி, நாட்டுப்புறச் சிலைகளின் உரத்தை அதில் சேர்த்தார். மாணவர் பலருக்கு அவர் இல்லமே இரண்டாம் பள்ளியாக விளங்கியது. 1957இல் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) பள்ளியின் தலைமை ஏற்றார். 1954இல் இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்துத் திரும்பிய பணிக்கர், இந்தியக் கலைஞன் எதனைக் கொண்டு தன்னை இந்தியன் என நிறுவுவது என்ற வினாவை மாணவர் முன் வைத்தார். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் எழுத்தும் கட்டமும் கோடுமே பொருளாயின. கோடு உருவத்தின் எல்லை மட்டுமன்று, தானே ஒரு பொருள் என்ற இக்கொள்கை, ஓவியத்தினின்று சிற்பத்துக்குத் தாவியபோது விளைந்ததே சென்னைத் தகட்டுச் சிற்பம்.

5. ஜானகிராமின் படைப்பு வாழ்வு

பி. வி. ஜானகிராம் சென்னையில் 1930இல் பிறந்தவர். இக்கலைப்பள்ளியிலேயே பயின்று, முதலில் ஓவியராக விளங்கிப் பின்னர்ச் சிற்பத்துக்கு வந்தார். இவ்வரிசைமுறை அவரது கலையை அறியத் திறவுகோலாகும். ஓவியன் தளத்தில் எண்ணுபவன். தளத்தினின்று உருவை எழுப்ப விரும்பும் ஓவியனுக்குக் களிமண்ணினும் தகடு நெருங்கிய பொருள். தகடு ஏற்கெனவே ஒரு தளம். அதனைச் சிறிது வளைத்தாலே உருவம் பிறக்கும்.

அவருடைய தகட்டு வேலைகளில் இரு நிலைகள் தெளிவாகப் புலனாகின்றன. முதல் நிலையில் செப்புத் தகடு உடலாக நிற்கின்றது. அதனைக் கொட்டிச் சிறிது புடைக்கச் செய்து, மேற்பரப்பில் மெல்லிய கம்பிகளையும் சிறு உலோக மணிகளையும் பற்றவைத்துப் புருவமும் விழியும் முடியும் ஆடைக்கரையும் அமைக்கின்றார். செதுக்கி வரையும் கோட்டுக்கு மாறாக, ஒட்டி எழுப்பும் கோடு இது. வெளிச்சம் படும்போது கம்பியின் நிழல் தகட்டின்மேல் விழுந்து இரண்டாவது கோடாகின்றது. செம்பு களிம்பேறிக் கறுத்தும் பசந்தும் இருக்கும் இடங்களில் கம்பி மட்டும் ஒளிர்தல், கவசத்தின் மேல் பதித்த மணிகளை நினைவூட்டும்.

இரண்டாம் நிலையில் தகடு குறைகின்றது, வெளி மிகுகின்றது. உடலின் நடுவே இடம் திறந்து, விளிம்பும் கம்பியும் மட்டும் நின்று உருவைச் சுட்டுகின்றன. கவசத்தை உள்ளீடின்றி நிறுத்தினால் எவ்வாறு இருக்குமோ அவ்வாறு அச்சிற்பங்கள் உள்ளன. கோயிற் கவசத்தின் உள்ளே கல்லோ செம்போ ஆகிய திருமேனி உண்டு. ஜானகிராமின் கவசத்தினுள் வெளியே உண்டு. மரபு கொடுத்த வடிவைக் கைக்கொண்டு, அதன் உள்ளீட்டை நீக்கி, எஞ்சிய மேற்பரப்பையே பொருளாக்கிய இச்செயலே அவருடைய தனிப்படைப்பு எனலாம்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களும் கருதத்தக்கவை. பிள்ளையார், தேவி, முடியணிந்த மன்னன் ஆகியோருடன் கிறித்துவும் அவர் படைப்பில் இடம் பெறுகின்றார். முடி சூடிய கிறித்துவும் கோயில் திருமேனியைப் போல நேர்முகமாக நின்று, அகன்ற விழியால் காண்போரை நோக்குகின்றார். சமயம் வேறாயினும் காட்சிமுறை ஒன்றே. தகட்டு நெறியை அவர் வழிபாட்டுப் பொருளாகக் கொள்ளவில்லை, ஒரு மொழியாகக் கொண்டார் என்பதற்கு இது போதிய சான்று. மொழி எனின் அதில் எப்பொருளையும் உரைக்கலாம் அன்றோ? 1960களில் மத்திய லலித் கலா அகாதமியின் தேசிய விருது அவரை அடைந்தது.

1966இல் பணிக்கரின் முயற்சியால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியபோது, அதனைத் தோற்றுவித்தோருள் ஜானகிராமும் ஒருவர். கலைஞர் துணியில் பத்திக் முதலிய கைவேலைகள் செய்து விற்றுப் பெற்ற ஊதியமே அவ்வூர் நிலைபெற உதவியது. கைத்தொழிலுக்கும் நுண்கலைக்கும் இடையே ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த சுவர் அங்கே தானாகச் சரிந்தது. செம்புகொட்டியின் தொழிலைச் சிற்பியின் கலையாக ஏற்கும் மனம் வளர்வதற்கு அத்தகைய சூழலே ஏற்றது.

6. நந்தகோபாலும் கதையுருவமும்

பணிக்கரின் மகனாக 1946இல் பெங்களூரில் பிறந்த எஸ். நந்தகோபால், இலயோலாக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பின்னர்க் கலைக்கல்லூரியில் சேர்ந்தவர். 2017 ஏப்பிரல் 14இல் மறையும்வரை சோழமண்டலமே அவருடைய பட்டறையாக இருந்தது. ஜானகிராமினும் ஒரு தலைமுறை இளையவரான இவர், அவர் திறந்த வழியில் சென்று வேறோர் எல்லையை அடைந்தார்.

வேறுபாடு இது: ஜானகிராமின் சிற்பத்தில் ஓர் உருவமே நிற்கும், நந்தகோபாலின் சிற்பத்தில் பல உருவங்கள் ஒன்றுகூடும். செம்பும் பித்தளையும் வெட்டித் துண்டு துண்டாக இணைத்து, சில இடங்களில் வெள்ளி பூசியும் வண்ண எனாமல் இட்டும், கருடன், மரம், பறவை, கொடி, முகம் எனப் பலவற்றை ஒரே முகப்பில் அடுக்குகின்றார். தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் சிறு கதை; தொலைவில் நின்று நோக்கின் முழுதும் ஒரு திருவாசி. இவ்வமைப்பை நேர்முகக் கதைக்காட்சி எனத் திறனாய்வாளர் வழங்குவர். தேரின் முகப்பிலும் கோபுரத்தின் நிலைகளிலும் கதைகள் அடுக்கப்படும் முறை இதற்கு முன்மாதிரியாக நிற்கின்றது. கவசம் என்னும் இலக்கியவகை உறுப்புகளை அடுக்குவதுபோல, இவர் உருவங்களை அடுக்குகின்றார் எனலும் தகும்.

சிற்பி மரபில் வந்தோரும் இவ்வழியை நாடினர் என்பது கூடுதல் சான்றாகும். பரம்பரைச் சிற்பி குடும்பத்தில் பிறந்து, சிற்ப நூல் முறைகளைத் தந்தையிடமே கற்ற வித்யாசங்கர் ஸ்தபதி, தம் புதுப்படைப்புகளுக்குச் செம்பு, பித்தளைத் தகடுகளையே தேர்ந்து, நேர்முக உருவங்களை அமைத்தார். வார்ப்பு மரபை உள்ளிருந்து அறிந்த ஒருவரே தகட்டை நாடினார் எனின், அது மரபை அறியாமையால் விளைந்த செயல் ஆகாது.

7. இரு தடைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு இரு தடைகள் எழலாம். முதலாவது: தீக்குழலால் உலோகம் இணைத்துச் சிற்பம் செய்யும் முறை ஐரோப்பாவில் தோன்றியது, 1920களின் இறுதியில் கொன்சாலசு என்னும் இசுபானியச் சிற்பி பிக்காசோவுக்கு அதனைக் கற்பித்தார், ஆதலின் சென்னைச் சிற்பம் அதன் வழிவந்ததே என்பது. கருவி வெளியிலிருந்து வந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் அக்கொன்சாலசும் பார்சிலோனா நகரத்து உலோகவினைஞர் குடும்பத்தில் பிறந்தவரே. அங்கும் கைத்தொழில் மரபே புதுக்கலைக்கு விளைநிலமாயிற்று. மேலும், தீக்குழல் அப்போது சென்னைக்கு அரிய பொருளன்று. அம்பத்தூரில் மிதிவண்டி ஆலை, 1955இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை, 1960களில் ஆவடியில் கனரக வண்டித் தொழிற்சாலை என நகரின் மேற்குப்புறம் முழுதும் தகடு வெட்டுதலும் குழாய் இணைத்தலும் அன்றாடத் தொழிலாயின. இவ்வாலைகளே சிற்பத்தை உண்டாக்கின எனக் கூறுதல் மிகை. ஆயினும், பற்றவைத்தலைக் கலைஞர் பாரிசுக்குச் சென்று கற்கவேண்டிய நிலை இல்லை என்பது தெளிவு. கருவி எங்கிருந்து வந்தது என்பதினும், அது எவ்வகைக் காட்சியை அமைக்கப் பயன்பட்டது என்பதே மரபை அறுதியிடும். ஐரோப்பியத் தகட்டுச் சிற்பம் பெரும்பாலும் சுற்றி நடந்து காண அமைந்தது. சென்னைச் சிற்பம் எதிரே நின்று காண அமைந்தது. இவ்வேறுபாடு தற்செயலானது அன்று. கருவறை முன் நின்று பழகிய கண்ணின் வேறுபாடு.

இரண்டாவது தடை வலியது. நேர்முகக் காட்சியையே பற்றி நிற்பதால், சிற்பத்துக்கே உரிய முப்பரிமாண ஆற்றல் குறைகின்றதே. பின்புறம் வெறுமையாக விடப்படுகின்றதே என்பது அது. இக்குறையை ஒப்புதல் வேண்டும். ஆடவல்லானின் முதுகில் காணும் அழகுக்கு ஈடானது எதுவும் இத்தகட்டுச் சிற்பங்களின் பின்புறத்தில் இல்லை. அலங்காரம் பொருளை விழுங்கிவிடும் இடங்களும் உள. ஒரு நெறியைத் தேர்வோன் அதன் பேற்றையும் இழப்பையும் ஒருசேர ஏற்கின்றான். வார்ப்பைத் துறந்தபோது அவர்கள் இழந்தது திரட்சி; பெற்றது மேற்பரப்பின் உயிர்ப்பும் கோட்டின் விடுதலையும். அவ்விழப்பு அறியாது நேர்ந்ததன்று. தேர்வின் விலையாகத் தரப்பட்டது.

8. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. வார்த்தலும் கொட்டலும் தமிழ் மண்ணில் தொன்மையான இருவேறு நெறிகள். அருங்காட்சியகமும் கலைவரலாறும் முன்னதற்கு அளித்த புகழில் பின்னது மறைந்தது; ஆனால் கோயில் வழிபாட்டில் அது இன்றளவும் வாழ்கின்றது. 1960களில் சென்னைச் சிற்பிகள் மேற்கொண்டது, மறைந்திருந்த அந்நெறியைக் கலைத்தளத்துக்கு உயர்த்திய தேர்வே ஆகும். ராய் சௌதுரியின் தசைநெறிக்குப் பிறகு சோழர் வார்ப்பைப் படியெடுத்தல் எளிய வழியாக இருந்தது. அவ்வழியில் செல்லாமல் செம்புகொட்டியின் கொட்டடியை நாடியமையே ஜானகிராமின் சிறப்பு. அதனைக் கதை சொல்லும் அளவுக்கு விரித்தமையே நந்தகோபாலின் சிறப்பு.

சோழமண்டலத்தில் பணிக்கர் பெயரால் அமைந்த சென்னைக் கலை இயக்க அருங்காட்சியகத்தில் இச்சிற்பங்களை இன்று காணலாம். அங்குச் செல்லும் ஆய்வு மாணவர், எழும்பூர் அருங்காட்சியகத்து வெண்கலக் கூடத்தை மட்டும் நினைவில் கொண்டு செல்வாராயின் ஏமாற்றமே அடைவர். ஏதேனும் ஓர் ஊர்க்கோயிலில் கவசம் சாத்திய திருமேனியை ஒருமுறை ஊன்றிக் கண்டபின் செல்வாராயின், அத்தகடுகளில் பேசும் மொழி தமக்கு முன்பே தெரிந்த மொழி என்பதை உணர்வர். உலோகத் தொழிலாளரின் சொற்களும் கருவிப்பெயர்களும் பட்டறைகளோடு மறைந்துவரும் இந்நாளில், அவற்றைத் தொகுத்தலும் தமிழ்த்துறையின் கடமையே. கலைவரலாற்றின் விடுபட்ட பகுதி ஒன்று அச்சொற்களில்தான் புதைந்து கிடக்கின்றது.